ஒண்ணியும் பண்ணாது

மணலியில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது மாடியில் நாற்பது தோல்கள் வளர்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாணயத்தின் அளவுதான். கண்ணாடித் தட்டில், வெதுவெதுப்பான ஊட்டநீரில், மூடி போட்டு வைத்திருப்போம். காலையில் நான் போய் மூடியைத் திறந்ததும் முதலில் காதில் விழுவது, "சில்லுனு கீது" என்ற குரல். தோல்தான் சொல்கிறது. பயந்துவிடாதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இனிமேல் சந்தைக்கு வரப்போகிற கலவைகள் என எந்த எரிபொருளானாலும் அது மனிதத் தோலையும் கண்ணையும் என்ன செய்யும் என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஒரு காலத்தில் இதற்கு முயல்களைப் பிடித்து, முதுகைச் சிரைத்து எண்ணெய் தடவினார்கள். கண்ணில் சொட்டு விட்டார்கள். முயல் என்ன சொல்லும்? சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். பிறகு மனிதத் தோலையே வளர்த்தார்கள். அதுவும் ஊமை. எத்தனை செல் செத்தது என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். இப்போது தோலே பேசுகிறது. அதனோடு பேசிக்கொண்டிருக்க எனக்கு மாதச் சம்பளம் வேறு. கரும்பு தின்னக் கூலியா?

அந்தச் செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் ஒரு புதுக் கலவையோடு வந்தார். படகு எஞ்சின்களுக்கு டீசல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரப்பிரிவுத் தலைவர். நெற்றியில் விபூதி, கையில் பிஸ்கட் டப்பா. கடைநிலை ஊழியரைக்கூட 'சார்' போட்டுக் கூப்பிடுகிற மனிதர். கலவை ஒன்பது என்று பெயர். புகை பாதிதான் வரும், வாடையே கிடையாது என்றார். சொன்னது உண்மைதான், மோந்து பார்த்தேன்.

"ஏம்மா, இது பேசும்ங்கறாங்களே, நிஜமாவா?" என்று தட்டைக் குனிந்து பார்த்தார்.

"தோலுக்குள்ள நரம்பு வளர்த்திருக்கோம் சார். ஏதாவது பட்டா நரம்பு துடிக்கும். எந்தத் துடிப்புக்கு எந்த வார்த்தைன்னு இந்தக் கருவிக்குத் தெரியும். இதுக்கு 'சொல்லி'ன்னு பேரு வெச்சிருக்கோம்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஏகவல்லின்னு ஒரு அம்மா. தோலே அவங்க கையிலேருந்து துளி எடுத்து வளர்த்ததுதான். மூணு மாசம் அவங்கள உக்கார வெச்சு, மொளகாத்தண்ணி, சோப்பு, டீசல்னு ஒவ்வொண்ணா கையில தடவி, 'எரியுதா? எப்படி எரியுது?'ன்னு கேட்டோம். கண்ணுக்கு வெங்காயம், அடுப்புப் புகை. அவங்க சொன்ன வார்த்தையையும் நரம்போட துடிப்பையும் ஜோடி சேர்த்துட்டோம்."

"ஏன் அவங்கள எடுத்தீங்க?"

"பதினாறு வருஷமா படகுக்கு டீசல் போடறவங்க சார். டீசலைப் பத்தி டீசல்காரங்களுக்குத் தெரியாததா?"

இந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு பூரிப்பு உண்டு. தேர்வுக் குழுவில் அனுபவசாலிதான் வேண்டும் என்று அடம் பிடித்தவள் நான். சமையலுக்கு ருசி பார்க்கப் பழக்கமான நாக்கு வேண்டாமா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு பழைய படிவத்தில் லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்றே கட்டங்கள் இருந்தன. நம் ஊர்த் தோலுக்கு அது எப்படிப் போதும்? குறுகுறுப்பு வேறு, நமைச்சல் வேறு. கண்ணில் தூசி விழுந்தால் உறுத்தும், சோப்பு பட்டால் கரிக்கும். மிளகாய் அரைத்த கை காந்தும். இத்தனை வார்த்தைகளையும் அரசுப் படிவத்துக்குள் நுழைத்ததில் எனக்குப் பங்கு உண்டு.

கலவை ஒன்பதில் ஒரு சொட்டு எடுத்துத் தோலில் விட்டேன். இன்னொரு சொட்டு, பக்கத்துத் தட்டில் அதே மாதிரி வளர்த்திருந்த கண்படலத்தில். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் பிஸ்கட் டப்பா பாதியாகிவிட்டது.

"ஒண்ணியும் பண்ணாது," என்றது தோல்.

"ஒண்ணியும் பண்ணாது. பழகிடும்," என்றது கண்.

வைத்தீஸ்வரன் குழந்தை போலச் சிரித்தார். "மெட்ராஸ் பாஷையிலயே சான்றிதழா!" என்றார்.

அவர் போன பிறகு என் உதவியாளர் ஷாகுல் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எட்டு வருடங்களாக என்னிடம் வேலை பார்க்கிறான். என்னைக் கேலி செய்ய அவனுக்கு மட்டும்தான் அனுமதி.

"அக்கா, சும்மா எண்ணிப் பாத்தேன். நூறு செல்லுக்கு முப்பத்தெட்டுதான் உயிரோட இருக்கு."

"கண்ணுல?"

"முப்பத்தொண்ணு. பழைய கணக்குப்படி பாதிக்குக் கீழ போனாலே எரிச்சல் தரும்னு எழுதிருவாங்க. தோல் கத்துது அக்கா. சொல்லிதான் அதை அமுக்கிச் சொல்லுது."

சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. சொல்லி என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. செல் கணக்கு பின்னிணைப்பு. அப்படிச் சட்டம் வந்ததும் என் புண்ணியம்தான். தோலே வாய் திறந்து பேசும்போது செத்ததை ஏன் எண்ண வேண்டும் என்று மேடையேறிக் கேட்டவள் நான். கைதட்டல்கூட கிடைத்தது.

என் கையெழுத்துக்கு முன்னால் இரண்டே வழிகள்தான். 'எரிச்சல் தராது' என்று எழுதினால் அந்த எரிபொருளை யாரும் எப்படியும் கையாளலாம். 'எரிச்சல் தரும்' என்று எழுதினால், அதைப் போடுகிற ஒவ்வொரு இடத்திலும் கையுறையும் கண்மறைப்பும் தர வேண்டும். பத்தடிக்குள் ஓடும் தண்ணீர் இருக்க வேண்டும். கலவை ஒன்பது ஒன்றாம் தேதி முதலில் போகப்போவது எண்ணூர்ப் பக்கத்துப் படகுத்துறை ஒன்றுக்கு. அங்கே நாற்பத்து மூன்று பெண்கள் டீசல் போடுகிறார்கள். ஏகவல்லியும் அவர்களில் ஒருத்தி. ஒன்றாம் தேதியிலிருந்து அவளுடைய மகள் ரோஷினியும் அங்கேதான் வேலைக்குச் சேர்கிறாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டுத் துறைக்குப் போனேன்.

ஏகவல்லி ஒரு படகின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, குழாயை டாங்கில் சொருகிக்கொண்டிருந்தாள். டாங்க் நிறைந்து வழிந்தது. வழிந்ததைப் புறங்கையால் வழித்துவிட்டுக் குழாயை உருவினாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம். என் தோலு எப்டி கீது? ஒழுங்கா பேசுதா?"

"உன்ன மாதிரியே பேசுது ஏகவல்லி. அதுதான் பிரச்சினை. கைய காட்டு."

காட்டினாள். விரல் முட்டிகள் துவைக்கிற கல்லைப் போல இருந்தன. மடிப்புகளில் எல்லாம் வெடிப்பு. கட்டைவிரல் பக்கம் தோல் வெளுத்து உரிந்திருந்தது.

"இது எரியலையா?"

"இதுவா? ஒண்ணியும் பண்ணாது மேடம். பழகிடுச்சி."

"எப்ப பழகிச்சு?"

அவள் யோசித்தாள். "வந்த புதுசுல ராவெல்லாம் காந்தும். ஒரு வருசம் இருக்கும். அப்புறம் பழகிடுச்சி."

"நாங்க டீசல் தடவிக் கேட்டப்போ நீ என்ன சொன்ன?"

"நீங்க எரியுதான்னு கேட்டீங்க. எரியலன்னேன். பொய் சொல்லல மேடம், சத்தியமா எரியல."

பொய் சொல்லவில்லைதான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இவளுக்குப் பழகப் பழக டீசலே பன்னீராகிவிட்டது. நாங்கள் வளர்த்த தோல் புதுசு, பச்சைப்பிள்ளைத் தோல். அது வலியில் துடிக்கிற துடிப்புக்கெல்லாம் நாங்கள் ஜோடி சேர்த்து வைத்திருப்பது பதினாறு வருடம் பழகிப்போன ஒருத்தியின் வார்த்தையை. வெட்கமாக இருந்தது. அனுபவசாலி வேண்டும் என்று அடம் பிடித்த வாயில் அந்தக் கலவையையே ஊற்றலாம் போல இருந்தது.

"ரோஷினி சேரப்போறாளாமே?"

"ஆமா மேடம். கேட்டு வாங்கிக் குடுத்துருக்கேன். பக்கத்துலயே இருப்பா, மத்தியானம் ஒண்ணா சாப்டலாம்." அவள் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அதைக் கெடுக்க மனம் வராமல், மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளிலிருந்து ஏழு நாள், பகலெல்லாம் சொல்லிக்குப் புதுப் பாடம். யோசனை ஷாகுலுடையது. அதே பொருட்கள், அதே கை. கேள்வி மட்டும் வேறு.

"அக்கா, இது உங்க கையில இல்ல, ரோஷினி கன்னத்துல பட்டிருக்குன்னு நெனச்சுக்கங்க. இப்ப சொல்லுங்க," என்று ஏகவல்லியிடம் சொன்னான்.

பழைய டீசலில் அரைச் சொட்டைத்தான் அவள் கையில் வைத்தான். ஏகவல்லியின் முகம் மாறியது.

"ஐயே, அது காந்தும்பா. அவளுக்கு மெல்லிசுத் தோலு. மொதல்ல நமநமங்கும், அப்புறம் சுருசுருன்னு ஏறும், ராவுல தூங்க மாட்டா."

மண்ணெண்ணெய் வைத்தோம். "அரிக்கும். சொறிஞ்சா இன்னும் எரியும்." பெட்ரோல் வைத்தோம். "ஆறும்போது சில்லுனு ஏமாத்தும், அப்பால இழுத்துப் புடிக்கும்." எத்தனை நுணுக்கம். நான் எதிர்பார்த்த வார்த்தைகள் எல்லாம் அவளிடம் இருந்தன. எதிர்பார்க்காததும் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது ஊர் வழக்கு. ஏகவல்லிக்கு நேர்மாறு. தனக்கு வந்தால் தெரியாது, மகளுக்கு என்றால் தெரியும்.

எட்டாம் நாள், புதுப் பாடம் படித்த சொல்லியைத் தோலோடு இணைத்துக் கலவை ஒன்பதை விட்டோம். ஐந்தாவது நிமிடத்திலேயே, "காந்துது, காந்துது," என்றது. கண்படலம் அதற்கும் முந்திக்கொண்டது. ஷாகுல் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

'எரிச்சல் தரும்' என்று எழுதி அனுப்பினேன். எதிர்பார்த்தபடியே நிறுவனம் ஆட்சேபம் போட்டது. ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், எரிபொருள் பாதுகாப்பு வாரியத்திலிருந்து தணிகாசலம் என்ற அதிகாரி விசாரணைக்கு எங்கள் கூட்ட அறைக்கே வந்தார். சாவகாசமான மனிதர். ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. வந்ததும் வைத்தீஸ்வரனின் பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஏகவல்லியையும் வரவழைத்திருந்தோம். மேசைமேல் இரண்டு தட்டுகள். இரண்டிலும் ஏகவல்லியின் தோல். ஒன்றில் பழைய சொல்லி, மற்றதில் புதுச் சொல்லி. ஆளுக்கொரு சொட்டு விட்டோம்.

"ஒண்ணியும் பண்ணாது," என்றது ஒன்று.

"காந்துது," என்றது மற்றொன்று.

"ரெட்டை நாக்குச் சாட்சி," என்று தணிகாசலம் பிஸ்கட்டைக் கடித்தார்.

வைத்தீஸ்வரன் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, ரெண்டும் ஒரே தோல். நடுவுல தோல் மாறல. ஒரு அம்மாவோட பயம் உள்ள வந்திருக்கு. எம்பொண்ணு கன்னத்துல வெந்நீர் பட்டாக்கூட நான் ஐயோம்பேன். அந்த ஐயோவ வெச்சு வெந்நீருக்கு வகை பிரிக்க முடியுமா? தனக்கு என்ன ஆகுதுன்னு சொல்றதுதான் சாட்சி. அடுத்தவங்களுக்கு என்ன ஆகும்னு சொல்றது அனுமானம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் எரிச்சலுக்கு அதுதான் காரணம். செல் கணக்கை நீட்டினேன். "பின்னிணைப்பும்மா," என்று தணிகாசலம் வருத்தத்தோடு சொன்னார். சட்டம் நான் வாங்கிக் கொடுத்தது. யாரை நோவது?

"அந்தம்மாவையே கேட்டுடலாமே," என்றார் வைத்தீஸ்வரன். "நான் வற்புறுத்தல. அவங்க இஷ்டம்."

மாதிரிப் பாட்டிலைத் திறந்து மேசையில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஏகவல்லி இரண்டு விரல்களை உள்ளே விட்டு எடுத்துவிட்டாள். ஊறுகாய் ருசி பார்க்கிறவள் போல அத்தனை சாதாரணமாகச் செய்தாள்.

"எரியுதாம்மா?" என்றார் தணிகாசலம்.

"இல்ல சார். ஒண்ணியும் பண்ணாது."

பாவி மகளே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். என்ன செய்வது, எரியாததை எரிகிறது என்று அவள் சொல்ல மாட்டாள். அந்த நேர்மைக்காகத்தானே அவளைத் தேர்ந்தெடுத்தோம். இனி கையுறை இல்லை, தண்ணீர் இல்லை. நாளை மறுநாள் ரோஷினி அந்தக் குழாயைப் பிடிக்கப்போகிறாள். ஒரு வருடம் ராவெல்லாம் காந்தும், அப்புறம் பழகிவிடும்.

வைத்தீஸ்வரன் வெற்றிக் களிப்பெல்லாம் காட்டவில்லை. பாட்டிலை மூடப் போனார். மூடி வழுக்கியது. கொஞ்சம் சிந்தி அவருடைய கட்டைவிரலையும் உள்ளங்கையையும் நனைத்தது.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்து போனார்.

உட்கார்ந்திருந்தோம். கைகழுவும் இடம் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. தணிகாசலம் கோப்பைப் புரட்டினார். ஏகவல்லியிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே மகள், பன்னிரண்டாவதில் முதல் வகுப்பு என்றாள். மகள் வேலைக்கு வருகிற முதல் நாள் வஞ்சிரக் குழம்பு வைக்கப் போவதாகவும் சொன்னாள். வைத்தீஸ்வரன் திரும்பி வந்தபோது சோப்பு வாசனை வந்தது. கையைக் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"எங்க விட்டேன்? ஆங், ஆக அவங்களே எரியலன்னு..."

"சார், எங்க போனீங்க?" என்றார் தணிகாசலம்.

"கை கழுவத்தான்."

"எட்டு நிமிஷம் ஆச்சு. எரிஞ்சுதா?"

"சேச்சே, இல்ல. எரியவே இல்ல."

"அப்ப எதுக்குக் கழுவுனீங்க?"

வைத்தீஸ்வரன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்களிடம் இது ஒரு தொல்லை. கேட்டால் உண்மையாகவே யோசிப்பார்கள்.

"கழுவணும்னு தோணிச்சு," என்றார், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதம், பிறகு ஏழு நாள், எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போம். எரியுதா, அரிக்குதா, காந்துதா, உறுத்துதா. எல்லாம் தமிழின் வளம். இந்த ஒன்றை மட்டும் நாங்கள் கேட்டதே இல்லை.

"ஏகவல்லி, உனக்குத் தோணாதா? கழுவணும்னு?"

அவள் என்னைப் பார்த்தாள். இதென்ன கேள்வி என்பது போல ஒரு சிரிப்பு வந்தது, பிறகு அது நின்றது.

"தோணும் மேடம். தோணாம இன்னா? எப்பவும் தோணும்." அதிகாரியைப் பார்த்து விளக்குகிற மாதிரி சொன்னாள். "அங்க கொழா இல்ல சார். கடல்தண்ணிதான், அது பட்டா இன்னும் புடுங்கும். வூட்டுக்குப் போயிதான் கழுவணும். கொழா இல்லாத எடத்துல தோணி இன்னா பண்றது? அதனால தோண உடறதில்ல."

பழைய சொல்லி மேசைமேல் மறுபடி ஒருமுறை, "ஒண்ணியும் பண்ணாது," என்றது. ஷாகுல் எட்டி அதை அணைத்தான்.

தணிகாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை இழுத்தார். "வைத்தீஸ்வரன் சார், இது அந்தம்மாவோட சாட்சி. தனக்கு என்ன ஆகுதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. உங்க கை சொன்னதையும் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கங்க ஐயா," என்றார் வைத்தீஸ்வரன். "நானே கையெழுத்தும் போடறேன்."

எழுதினார்கள். கலவை ஒன்பது, எரிச்சல் தரும். துறையில் கையுறை, கண்மறைப்பு, பத்தடிக்குள் குழாய். குழாய் வந்த பிறகுதான் முதல் சொட்டு டீசல் இறங்க வேண்டும் என்று தணிகாசலம் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். தோல்களிடமும் கண்களிடமும் இனி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'கழுவணும்னு தோணுதா?' என்று அடியில் இன்னொரு வரி. முத்திரை குத்தினார். எனக்கு அழுகை வரப் பார்த்தது, சிரித்துச் சமாளித்தேன். ரோஷினிக்காக ஏகவல்லியின் தோளைத் தட்டப் போனேன்.

அவள் நாற்காலி நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். வலது கையைச் சற்று உயர்த்தி, இரண்டு விரல்களும் மேசையிலோ புடவையிலோ படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். டீசல் லேசில் காயாது. விரல்கள் இன்னும் பளபளத்தன. அந்த மூடி வழுக்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வைத்தீஸ்வரன் கழுவப் போன எட்டு நிமிடத்தில் அவளிடம் ஊரையும் பிள்ளைகளையும் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான்.

"வேல முடிஞ்சிதுன்னா," என்று தயக்கத்தோடு கேட்டாள், "நானும் போயி கழுவிக்கட்டுமா சார்?"

வைத்தீஸ்வரன்தான் முதலில் எழுந்தார். போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"கடைசியில இருக்கும்மா," என்றார். "சோப்பு இடது பக்கம்."